போன் மட்டும்தான் கையில்: தொலைநிலைப் பட்டமா, ஆன்லைன் பட்டமா, ஸ்வயம் சான்றிதழா?

“அக்கா, பிளஸ் டூ முடிச்சு மூணு வருசம் ஆச்சுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன், ஹாஸ்டல்லதான் தங்கியிருக்கேன். டிகிரி முடிக்கணும். கையில போன் மட்டும்தான் இருக்கு. எதுல சேரட்டும்?”

போன மாதம் வந்த வாய்ஸ் மெசேஜ் இது. ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து, இரவுச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி பேசியிருக்கிறார். பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்கிறது. இதே கேள்வியை மளிகைக் கடையில் நிற்கும் தம்பியும் கேட்டார், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருவரும் கேட்டார். எல்லோரும் கேட்பது “எது நல்ல கோர்ஸ்?” என்றுதான். நான் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் பட்டம் முடித்தவள். முதல் வருடத் தேர்வு, சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் வாரத்தில் வந்தது. லீவு கிடைக்கவில்லை, இரண்டு தாள்கள் போயின. அரியர் எழுதி முடிக்க இன்னொரு வருடம் ஆனது. பாடம் கடினமாக இருந்ததால் நான் தோற்கவில்லை. தேர்வு எந்த நாளில், எங்கே என்பதைச் சேரும்போது கேட்காததால் தோற்றேன்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்தைப் படிப்பதற்கும் கேட்பதற்கும் இன்றைக்கு போன் தாராளமாகப் போதும். எழுதும் இடத்திலும் தேர்விலும்தான் போன் கைவிடும். எந்தப் படிப்பு என்பதை அங்கிருந்து பின்னோக்கி யோசித்து முடிவுசெய்யுங்கள்.

## சேரும் முன் கேட்க வேண்டியவை

இது எதற்கு? அரசு வேலைத் தேர்வுக்குப் பட்டம் வேண்டுமா, இருக்கும் கம்பெனியிலேயே அலுவலகப் பக்கம் மாற வேண்டுமா, ஒரு தொழிலைக் கற்க வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வழி.

தேர்வு எங்கே, எதில், எந்த நாளில்? பேனாவிலா, கணினியிலா? மையத்திலா, வீட்டிலா? வருடத்துக்கு எத்தனை நாள் லீவு தேவைப்படும்?

எந்த மொழி? பாடநூல், வீடியோ, விடைத்தாள் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வீடியோ தமிழில் இருந்து, தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதுண்டு.

மொத்தம் எவ்வளவு? விளம்பரத்தில் உள்ள கட்டணம் பாதிக் கணக்குதான். தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, ஜெராக்ஸ், ரீசார்ஜ், லீவு போட்டதால் போகும் கூலி எல்லாவற்றையும் சேருங்கள். மாத ரீசார்ஜ் என்று நாம் சொல்வது 28 நாள்தான். வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும்.

நடுவில் நின்றுபோனால்? கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம் என்று எது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

## தொலைநிலைப் பட்டம்

நம் ஊரில் இன்னும் “கரஸ்” என்றும் “அஞ்சல்வழி” என்றும் சொல்கிறோம். இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோது பாடம் உண்மையிலேயே தபாலில்தான் வந்தது. இன்றைக்கு அது போனில் பிடிஎஃப் ஆக வருகிறது. தமிழ்நாட்டில் நம்மவர்கள் அதிகம் தேடுவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ, 1985), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (2002), சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் ஆகியவற்றை.

முதலில் மதிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022இல் இதை யுஜிசி மறுபடியும் அறிவித்தது. “கரஸ்ல படிச்சா மதிப்பில்ல” என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சமம் “அனுமதி பெற்ற” என்ற சொல்லில் தொங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியக இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. போனிலேயே பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், வேளாண்மை போன்றவை தொலைநிலையிலும் ஆன்லைனிலும் பட்டமாகக் கிடைக்காது. 2025 முதல் உளவியலும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. “தபால்ல நர்சிங் டிகிரி” என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு வேலையைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் இங்கே அரசுப் பணிக்கு எடுபடாது. பத்தாவதோடு நின்றவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முடித்துவிடுங்கள். இரண்டு வருடம் கூடுதலாகும் என்று தெரியும். இருந்தாலும் மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டம் விண்ணப்பத்தில் நிற்காமல் போவதைவிட அது மேல்.

போனை வைத்து இதைப் படிக்க முடியுமா? முடியும். இக்னோவின் பாடநூல்கள் ‘இஞான்கோஷ்’ தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். சேரும் முன்பே ஒரு பாடத்தை இறக்கி, பத்து நாள் படித்துப் பாருங்கள். சேர்வதா வேண்டாமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும்தான் என்பதும் அந்தப் பத்து நாளில் புரிந்துவிடும். தமிழில் படித்துத் தமிழில் எழுத வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் நேர் வழி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அச்சுப் புத்தகம் வேண்டாம், பிடிஎஃப் போதும் என்று சொன்னால் இக்னோ கட்டணத்தில் 15% குறைக்கிறது. பி.ஏ. அளவில் அது சில நூறு ரூபாய். ஆறு அங்குலத் திரையில் 250 பக்கப் பாடத்தை ஒருமுறை வாசிக்கலாம். தேர்வுக்கு முந்தின வாரம் முன்னும் பின்னும் புரட்டிப் படிக்க முடியாது. கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் மிச்சம் பிடித்த பணம் இரண்டு மூன்று புத்தகத்திலேயே கரைந்துவிடும். போன் மட்டும் வைத்திருப்பவர்கள் அச்சுப் புத்தகத்தையே கேட்டு வாங்குங்கள்.

அசைன்மென்ட் கையால் எழுத வேண்டும். இக்னோவில் மதிப்பெண்ணில் 30% அதற்கு, 70% தேர்வுக்கு. எழுதியதை போனில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. ஹாஸ்டல் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் கையின் நிழல் பாதிப் பக்கத்தை மறைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம், தாளைத் தரையில் விரித்து, போனை நேர்மேலே பிடித்து எடுங்கள். கடைசி நாளில் எடுக்காதீர்கள். அன்றைக்கு சர்வர் திணறும்.

தேர்வு மையத்தில், பேனாவில். வருடத்துக்கு இரண்டு பருவம் என்றால் பாடத்துக்கு ஒரு நாளாகக் கணக்கிட்டு எத்தனை நாள் கூலி போகும் என்று பாருங்கள். இக்னோவில் தாளுக்கு 200 ரூபாய் தேர்வுக் கட்டணம் தனி. ஜூன், டிசம்பர் இரண்டும் தேர்வுக் காலம். ஒன்றில் விட்டதை அடுத்ததில் எழுதலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுக்குள் முடிக்கலாம் என்பது, பெண் பிள்ளைகளுக்கு, மிகப் பெரிய விஷயம். நின்று தொடர்வதற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வழி வேறில்லை.

## ஆன்லைன் பட்டம்

பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். தொலைநிலைப் பட்டத்தில் போன் உதவிக்கு வருகிறது. ஆன்லைன் பட்டத்தில் வகுப்பு, விவாதம், சோதனை எல்லாமே திரைக்குள்தான் நடக்கின்றன. உங்கள் பங்கேற்பும் கணக்கில் வரும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். ஆன்லைன் பட்டத்துக்கு அந்த எல்லை இல்லை, எந்த ஊரிலிருந்தும் சேரலாம். அதனால்தான் இத்தனை விளம்பரம்.

நன்றாக நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பிஎஸ் (நான்காண்டு இளநிலை) பட்டம். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் கற்றுக்கொடுத்து, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். படித்துக்கொண்டே தகுதி பெறும் முறை என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது திறந்த கதவு. அடிப்படை நிலை, டிப்ளமா, பி.எஸ்சி., பிஎஸ் என்று படிப்படியாக வெளியேறலாம். எங்கே நின்றாலும் அதுவரை முடித்ததற்குச் சான்று கிடைக்கும். முழுப் பட்டத்துக்குச் சலுகை இல்லாமல் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75% வரை கட்டணக் குறைப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே வருமானச் சான்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் வீடியோ போனில் ஓடும், புரோகிராம் போனில் எழுத முடியாது. முதல் சில வாரம் சமாளிக்கலாம், பிறகு லேப்டாப் இல்லாமல் நகராது. பழைய லேப்டாப் ஒன்றின் விலையைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பாடம் முழுக்க ஆங்கிலம். வாரா வாரம் அசைன்மென்ட் கெடு வரும். தேர்வுகளுக்கு நேரில் மையத்துக்குப் போக வேண்டும்.

பல பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் தேர்வெழுத விடுகின்றன. கேட்கச் சுகமாக இருக்கும். ஹாஸ்டலில் ஆறு பேர் அறையில் அதை எழுதிப் பாருங்கள். பின்னால் யாராவது நடந்தாலோ பேசினாலோ மென்பொருள் எச்சரிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தேர்வு நடுவே கரண்ட் போனது. திரும்ப உள்ளே நுழைய முடியவில்லை, மறுவாய்ப்புக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பல நாள் பதிலும் இல்லை. தனி அறையும் நிலையான இணையமும் இல்லாதவர்களுக்கு, மையத்துக்குப் போய் எழுதுவதே நிம்மதி.

இன்னொரு மறைவான விலை மொழி. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20% முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய தகுதிவரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆங்கிலவழி ஆன்லைன் பட்டம் எடுத்தால், பட்டம் கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்து வந்த பிள்ளை இதைத் தெரியாமல் இழப்பதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. தொலைநிலையில் வாங்கும் தமிழ்வழிப் பட்டத்துக்கும், நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கை என்ன சொல்கிறது என்று சேரும் முன் படித்துவிடுங்கள்.

## ஸ்வயம், என்பிடெல் சான்றிதழ்

இது பட்டம் அல்ல. இதை ஏற்றுக்கொண்டு படித்தால், போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்ல கல்வி வேறெங்கும் இல்லை. வீடியோப் பாடங்கள் தரும் என்பிடெல்லை ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கின. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில் வந்தது; என்பிடெல் பாடங்களும் அதில் கிடைக்கும்.

படிக்கக் கட்டணம் கிடையாது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் என்பிடெல் பாடத்துக்கு 1,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. வார அசைன்மென்டுகளுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால் தேர்ச்சி. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 அசைன்மென்டுகளையே கணக்கில் எடுப்பார்கள் என்பதால் ஷிப்மென்ட் வாரம் ஒன்றிரண்டு தவறினாலும் பாதகமில்லை. அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, போனிலேயே முடியும். தேர்வு மட்டும் மையத்தில், கணினியில். மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் முந்தின வாரம் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். பயம் பாதி அதிலேயே போய்விடும்.

டேட்டா பயப்படும்படி இல்லை. 360p தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு என் போனில் சுமார் 300 எம்பி ஆகிறது. வாரம் இரண்டரை மணி நேரம் என்றால் 12 வாரத்துக்கு 9 ஜிபி. தினம் 1.5 ஜிபி பிளானில் அது ஆறு நாள் டேட்டா. இரவு 11 மணிக்கு மேல் மிச்சமிருக்கும் டேட்டாவில் மறுநாளைக்கான பாடத்தை இறக்கி வைத்தால் பஸ்ஸில் கேட்கலாம்.

இதன் மறைவான விலை பணமல்ல. யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள் என்பதுதான். இலவசமாகச் சேர்ந்ததை இலவசமாகவே விட்டுவிடுவோம். தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் படிப்பவர்கள் முடிப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டு பேராகச் சேருவது அதைவிட நல்லது.

## ஆப் கோர்ஸ்கள்

“மாசம் இவ்வளவுதான் மேடம், இஎம்ஐ” என்று போன் வரும். அந்த இஎம்ஐ பெரும்பாலும் கல்விக் கட்டணத்தின் தவணை அல்ல; ஏதோ ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். படிப்பை விட்டாலும் கடன் விடாது, சிபில் என்னும் கடன் மதிப்பெண் கெடும். ஆப் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பட்டப் படிப்பைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று யுஜிசி 2022 ஜனவரியில் எச்சரித்தது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். தெருமுனை “ஸ்டடி சென்டர்” ரசீதுக்கும் இதே விதிதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தொலைநிலைப் பட்டம் | ஆன்லைன் பட்டம் | ஸ்வயம் / என்பிடெல் |
|---|---|---|---|
| கிடைப்பது | பட்டம் | பட்டம் | பாடச் சான்றிதழ் |
| போன் போதுமா | போதும், புத்தகம் இருந்தால் | வகுப்புக்குப் போதும், பயிற்சிக்குக் கஷ்டம் | தேர்வைத் தவிர எல்லாவற்றுக்கும் போதும் |
| தேர்வு | மையம், பேனா | மையம் அல்லது வீட்டில் கேமரா முன் | மையம், கணினி |
| தமிழில் | சில பல்கலைக்கழகங்களில் உண்டு | அரிது | பாடம் பெரும்பாலும் ஆங்கிலம். சிலவற்றுக்குத் தமிழ்ப் பிரதி |
| ஒளிந்திருக்கும் செலவு | தேர்வு நாள் கூலி, ஜெராக்ஸ், பஸ் | லேப்டாப், தனி அறை, தடையில்லா இணையம் | நம் கவனம் |
| நின்றுபோனால் | வருடக்கணக்கில் அவகாசம் | படிப்பைப் பொறுத்தது | அடுத்த பருவம் புதிதாகச் சேரலாம் |

## யாருக்கு எது

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போலப் பட்டம் கேட்கும் தேர்வு எழுதுபவர்கள், தமிழில் எழுத விரும்புபவர்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தொலைநிலை. யோசிக்கவே வேண்டாம்.

லேப்டாப் இருக்கிறது அல்லது வாங்க முடியும், ஆங்கிலத்தில் தடுமாறினாலும் பின்வாங்க மாட்டேன், கணினித் துறைதான் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல ஆன்லைன் பட்டம். ஐஐடியின் அந்த நான்கு வாரத்தை மட்டும் முயன்று பார்த்து முடிவெடுத்தாலும் நஷ்டமில்லை, கற்றது கையில் இருக்கும்.

ஏற்கனவே பட்டம் வைத்திருப்பவர்கள் ஸ்வயத்துக்குப் போங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால் 40% வரை கிரெடிட்டை (பாடப் புள்ளிகளை) ஸ்வயம் பாடங்களிலிருந்து எடுத்துக்கொள்ள யுஜிசி 2021இலேயே அனுமதி தந்துவிட்டது. எந்தப் பாடம் பிடிக்கும் என்றே தெரியாமல் நிற்கும் பிளஸ் டூ பிள்ளையும் ஒரு பருவம் இதில் தொட்டுப் பார்க்கலாம்.

ஹாஸ்டல் பெண்ணிடம் தொலைநிலையில் தமிழ்வழி வணிகவியல் என்று சொன்னேன். கம்பெனியிலேயே அக்கவுன்ட்ஸ் பக்கம் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பி.காம். இல்லாமல் அந்த நாற்காலி கிடைக்காது. தேர்வு மாதத்தில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள லைனில் ஒரு அக்காவிடம் இப்போதே பேசி வைத்துவிட்டார்.

விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 2024 முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகம் தரும் டெப் ஐடி எடுக்க வேண்டும். அதற்கு, மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்கான ஏபிசி ஐடி வேண்டும், அதை அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் எடுக்க வேண்டும். எல்லாம் இலவசம்தான், ஆனால் ஓடிபி ஆதாரோடு இணைந்த எண்ணுக்குப் போகும். அவர் ஆதாரில் இருப்பது அப்பாவின் எண். அப்பா இருப்பது தேனியில், அந்த நேரத்தில் வயலில். மூன்று முறை அனுப்பி, மூன்று முறையும் நேரம் முடிந்தது. கையில் இருக்கும் சிம்மும் அண்ணன் பெயரில்தான் வாங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முதலில் போனது சிம் கடைக்கு. தன் பெயரில், தன் ஆதாரில், தனக்கென்று ஒரு எண் வாங்கினார். ஞாயிறன்று ஆதார் மையம் இல்லாததால், எண்ணை மாற்ற வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார். மாறிவிட்டதாக மெசேஜ் வந்ததும் அன்றிரவே விண்ணப்பத்தைத் திரும்பத் திறக்கப்போகிறோம்.